ப்ளூஸ் குழுவில் மிருதங்கமும் வயலினும்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைவகை) குழு தொடங்குகிறோம். மிருதங்கம், வயலின் வாசிப்பவர்கள் கர்நாடக சங்கீதம் கற்றவர்கள். கித்தார்காரர் தேவாலயத்தில் வாசிப்பவர். எங்கே இடிக்கும்?

பதில் 1: ஷஃபிளை (ப்ளூஸின் ஊஞ்சலாடும் தாள நடை) திஸ்ர நடையாக (ஒரு அட்சரத்துக்கு மூன்று தட்டு) பிடிக்கச் சொல்லுங்கள், 'தகிட'வில் 'கி'யை விழுங்கி. 12 பார் சுற்று (பாருக்கு 4 அட்சரம்) என்பது 48 அட்சரம், அதாவது ஆறு ஆதிதாள ஆவர்த்தனம் (8 அட்சரச் சுற்று). தடுமாற்றம் ஐந்தாவது ஆவர்த்தனத்தில்தான் வரும்: ஈ சுருதியில் முதல் பாதி பி7 கார்டு, மறுபாதி ஏ7 கார்டு. அழுத்தம் ஒவ்வொரு பாரிலும் 2, 4-ஆம் அட்சரங்களில். சமத்தில் (முதல் அட்சரத்தில்) ஓங்கி அடித்தால் பாட்டு படுத்துவிடும்.

பதில் 2: வயலினுக்குச் சுத்த தன்யாசி (ப்ளூஸ் ஸ்வரங்களை ஒத்த ராகம்) தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பிரதி மத்திமத்தை (உயர்ந்த 'ம') தொட்டு நகரட்டும், நிற்க வேண்டாம். சாதாரண காந்தாரத்தை (அந்த ராகத்தின் 'க') கொஞ்சம் மேலே இழுக்கணும்.

பதில் 3: மிருதங்கத்துக்கு 3 கட்டை, அதாவது ஈ சுருதி. பி7 வரும்போது சாப்பு (ரீங்கரிக்கும் அடி) வேண்டாம், அதன் கார்வை (நீளும் ஒலி) கார்டோடு உரசும்.