மறுமொழி: எல்லைப்புறமா, எல்லைப்புலமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

> இடைக்கால வரலாற்றில் வரும் ‘ஃபிராண்டியர் சொசைட்டி’க்கு ‘எல்லைப்புறச் சமூகம்’ போதாதா?

போதாது என்பேன், ஐயா. ‘எல்லைப்புலச் சமூகம்’ என முன்மொழிகிறேன். ஒன்பதாம் நூற்றாண்டில் டேனியர் ஆட்சிக்குள் வந்த இங்கிலாந்தின் டேன்லா பகுதியை வைத்துப் பாருங்கள்.

ஆல்ஃபிரட் மன்னரும் டேனியர் தலைவர் குத்ரமும் செய்துகொண்ட உடன்படிக்கை தேம்ஸ், லீ, ஊஸ் ஆறுகளை ஒட்டி எல்லை வகுத்தது. படையெடுப்பு எங்கே நின்றது என்று அது சொல்லும். அதற்கப்பால் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு மண்ணைத்தான் கேட்க வேண்டும்.

டிரெண்ட் ஆற்றங்கரையில் டோர்க்சி என்றோர் ஊர். 872-73 குளிர்காலத்தில், ஸ்காண்டினேவியாவிலிருந்து வந்த வைக்கிங் பெரும்படை அங்கே தங்கியது. உழுநிலத்தில் உலோகங்காட்டி வைத்துத் தேடியவர்களுக்கு அரபு வெள்ளிக்காசுகளின் துண்டுகளும் ஈயத்தாலான ஆட்டக்காய்களும் கிடைத்தன. படை போன பிறகு அதே ஊரில் சக்கரத்தில் வனைந்த மட்பாண்டத் தொழில் தழைத்தது. அந்த நுட்பம் அவ்வட்டாரத்திலும் இல்லை, ஸ்காண்டினேவியாவிலும் இல்லை. ஐரோப்பியப் பெருநிலத்துக் குயவர்களோடு வந்தது. ஆக, வென்றவர், தோற்றவர் என்ற இரு தரப்போடு கணக்கு முடியவில்லை.

பெண்கள் அணிந்த வட்ட ஊசிப்பதக்கங்களும் இதையே காட்டுகின்றன: மேலே ஸ்காண்டினேவியப் பின்னல் கோலம், வடிவமோ உள்ளூர் வழக்கப்படி தட்டை. எனக்கு மிகவும் வியப்பளிப்பது நாணயம். கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் எட்மண்டை 869-இல் கொன்றது அந்தப் படை. ஒரு தலைமுறைக்குள் டேனியர் ஆட்சியிலிருந்த அதே மண்ணில் அவரைப் புனிதராகப் போற்றிக் காசு அடித்தார்கள்!

இவர்களை ‘எல்லைப்புறம்’ என்றால், யாரோ ஓர் அரசரின் தலைநகரில் நின்று ஓரத்தைப் பார்ப்பதாக ஆகிவிடும். டோர்க்சிக் குயவருக்கு அது ஓரமல்ல, பிழைப்பு நடந்த இடம். ‘புலம்’ என்பதில் நிலமும் வாழ்விடமும் சேர்ந்து வருகின்றன. இன்னொருவர் சொன்ன ‘கலப்புச் சமூகம்’ படையெடுப்பையே மறைத்துவிடுகிறது. அதை ஏற்க மனம் வரவில்லை. ‘விளிம்பு’ வேறு பொருளில் ஏற்கெனவே ஊன்றிவிட்டது.

இதோடு சேர்த்து, ‘புலப்பெயர்வு’, ‘குடியேற்றம்’ இரண்டையும் ஒன்றாக ஆளாமல் பிரிக்க வேண்டுகிறேன். 865 முதல் படை நகர்ந்தது பெயர்வு. 876-இல் அப்படையின் தலைவர்களில் ஒருவரான ஹாஃப்டன், வட இங்கிலாந்தின் நார்த்தம்பிரிய நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்க, அவர்கள் ஏர் பிடித்தது குடியேற்றம்.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். இல்லையேல் ‘எல்லை’, ‘எல்லைப்புலம்’ இரண்டும் பட்டியலில் தனித்தனிச் சொற்களாக ஏறட்டும்.