பாப்பாவின் கல்லூரி நாடகம்: எங்கள் குடும்பக் குழுவில்

நான்: எல்லோருக்கும் ஒரு நல்ல செய்தி. எங்கள் பல்கலைக்கழக நாடகக் குழு இந்த வருடம் ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ என்ற ஆங்கில இசை நாடகத்தைப் போடுகிறது. அடுத்த வெள்ளி, சனி இரண்டு நாளும் மாலை 6.30 மணிக்கு. கட்டாயம் வரவேண்டும்.

அத்தை: ரொம்ப சந்தோஷம் பாப்பா. உனக்கு என்ன வேஷம்?

நான்: வேஷம் இல்லை அத்தை. நான் ஸ்டேஜ் மேனேஜர்.

அத்தை: ஐயோ, அப்போ உன்னை மேடையில் பார்க்கவே முடியாதா? அவ்வளவு நன்றாகப் பாடுவாயே!

நான்: பார்க்க முடியாது. ஆனால் நான் சொல்லாமல் அங்கே ஒரு விளக்குகூட மாறாது அத்தை. ஹெட்செட் மாட்டிக்கொண்டு, பிரதியைப் பார்த்து "லைட் 42, ஸ்டாண்ட்பை... கோ" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அந்த ‘கோ’ கொஞ்சம் தள்ளிப்போனாலும் பாட்டு முடிந்தும் வெளிச்சம் அப்படியே நிற்கும். கைதட்டலாமா வேண்டாமா என்று சனம் தயங்கும். நானே கேட்டு வாங்கிய வேலை இது.

பெரியப்பா: நல்ல பொறுப்புதான்மா. இதைப் படமாகப் பார்த்திருக்கிறேன். 1971இல் வந்தது, டோபோல் நடித்தது. ஒரு பால்காரர், ஐந்து பெண்கள். மீதி லேசாகத்தான் ஞாபகம்.

நான்: அதேதான் பெரியப்பா. படத்துக்கு முன்னாலேயே 1964இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் வந்துவிட்டது. 3,242 காட்சி ஓடியது! ஷோலம் அலைக்கெம் என்ற எழுத்தாளர் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் எழுதிய கதைகள்தான் மூலம். ஜார் ஆட்சிக்கால ரஷ்யா, 1905, அனடெவ்கா என்ற ஒரு சின்ன யூத ஊர்.

அண்ணன்: தலையில் பாட்டிலை வைத்து ஆடும் அந்த ‘பாட்டில் டான்ஸ்’ வைத்திருக்கிறீர்களா?

நான்: அது இல்லாமலா! கல்யாணக் காட்சியில் தொப்பி மேல் பாட்டிலை நிறுத்திக்கொண்டு முட்டியிட்டு நகர்வார்கள். ஜெரோம் ராபின்ஸ் அமைத்த நடனம். பசை, காந்தம் எதுவும் கிடையாது. முதலில் காலி பிளாஸ்டிக் பாட்டில் வைத்துப் பழகினார்கள், நிற்கவே இல்லை. அடியில் கொஞ்சம் கனம் சேர்த்த பிறகுதான் நின்றது. பார்வையை எதிரே ஒரே புள்ளியில் வைத்தால் கழுத்து ஆடாது என்கிறார்கள்.

அம்மா: வர முடியாதவர்களுக்கு வீடியோ எடுத்துக் குழுவில் போட்டுவிடு.

நான்: கூடாதும்மா. நாடகங்களுக்கு உரிமம் கொடுக்கும் மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் நிறுவனத்திடம் உரிமம் வாங்கித்தான் போடுகிறோம். படம் பிடிக்க எங்களுக்கு அனுமதி இல்லை. அவர்களைக் கேட்காமல் வசனத்தில் ஒரு வரிகூட மாற்றக்கூடாது.

அண்ணன்: ஒரே ஒரு பாட்டு? நம்ம குழுவுக்குள்தானே.

நான்: ஒரு பாட்டும் வேண்டாம் அண்ணா. எழுதியவர்களுக்குச் சேரவேண்டிய மரியாதை அது.

பெரியப்பா: ஒன்று கேட்கிறேன். படிக்கிற பையன் அந்த அப்பாவாக நடித்தால் எடுபடுமா? மூத்தவள் தையல்காரனைக் கட்டிக்கொள்கிறாள், அடுத்தவள் சைபீரியாவுக்குப் போகிறாள், அதுவரை சரி. வேற்று மதத்துப் பையனை மணந்த மூன்றாவது பெண்ணை அவர் தலைமுழுகுகிற இடம் பெற்றவனுக்குத்தான் தெரியும்.

நான்: எனக்கும் அந்தப் பயம் இருந்தது பெரியப்பா. கடைசியில் ஊரையே காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்து எல்லோரும் கிளம்பும்போது அந்த மூன்றாவது பெண் சாவா விடைபெற வருவாள், ஞாபகம் இருக்கிறதா? அப்பா அவள் முகத்தைப் பார்க்கவே மாட்டார். மூத்தவள்தான் தங்கைக்கு விடை கொடுப்பாள். அப்போது அவர் வாய்க்குள்ளேயே "கடவுள் உன்னோடு இருக்கட்டும்" என்பார். மூத்தவள் அதைத் தங்கைக்கு எடுத்துச் சொல்வாள்.

நான்: எங்கள் பையன் முதலில் அந்த வரியைக் குரல் உடைந்து, கண் கலங்கிச் சொன்னான். ஒட்டவே இல்லை. அப்புறம் இயக்குநர் அவன் கையில் வண்டிக் கயிற்றைக் கொடுத்து, "மூட்டையைக் கட்டு, வேறு எதுவும் செய்யாதே" என்றார். இப்போது முடிச்சை இழுத்துக்கொண்டே இருக்கிறான், பாதியில் கை நிற்கிறது, வரியைச் சொல்கிறான், மறுபடி இழுக்கிறான். அவ்வளவுதான். ஒத்திகையில் பாட்டில் டான்ஸ் பையன்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள்.

அம்மா: படிக்கும்போதே என்னவோ செய்கிறது.

நான்: அந்த இடத்தில் நான் ‘கோ’ சொல்லவேண்டிய கியூ ஒன்றுகூட இல்லைம்மா. விளக்கை மங்க வைப்பதாகத்தான் முதலில் இருந்தது, இயக்குநர் எடுத்துவிட்டார். வெளிச்சம் மாறினால் ‘இங்கே அழுங்கள்’ என்று நாமே சொன்னதுபோல் ஆகிவிடுமாம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நாடகத்திலேயே நான் அதிகம் மதிக்கிற இடம் அது.

பெரியப்பா: அந்தப் பையனைப் பார்த்தே ஆகவேண்டும். சனிக்கிழமை நானும் பெரியம்மாவும் வருகிறோம். எவ்வளவு நேரம்?

நான்: இடைவேளை சேர்த்துக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்.

அத்தை: அண்ணிக்கு முட்டிவலி. ஓரத்து இருக்கை கிடைக்குமா?

நான்: எடுத்து வைக்கிறேன் அத்தை. கதவு 6 மணிக்குத் திறக்கும். தொடக்கத்திலேயே கூரை மேல் வயலின்காரர் இருப்பார், அதைத் தவறவிடாதீர்கள். முதல் பாட்டு நடக்கும்போது யாரையும் உள்ளே விடமாட்டோம்.

அண்ணன்: நான்தான் வண்டி எடுக்கிறேன். எல்லோரும் சீக்கிரம் தயாராகிவிடுங்கள்.