பத்மினி பின் மட்கார்டு ஃப்ளேர்: வெல்டிங் கோட்டை ஒட்டித் துரு கிளம்புகிறது

முத்துநகர்_1100
1986 மாடல் பிரீமியர் பத்மினி. 185 டயர் மாட்டியதும் பின்சக்கரம் மட்கார்டு உதட்டில் உரசியது. 20 கேஜ் (0.9 மி.மீ.) தகட்டில் ஃப்ளேர், அதாவது மட்கார்டை வெளியே அகலப்படுத்தும் வளைதகடு, அடித்து, இடப்பக்கம் பழைய ஆர்ச்சின் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) மேலேயே ஒரு அங்குலம் ஏற்றி, மிக் மெஷினில் (கம்பி தானே ஓடிவரும் வெல்டிங்) ஒரே ஓட்டமாக வெல்ட் வைத்தார்கள். மேலே பட்டி, பிரைமர், பெயின்ட். எட்டே மாதத்தில் வெல்ட் நெடுகக் கொப்புளம். வெயிலில் பார்த்தால் தகடும் அலை அலையாகத் தெரிகிறது. வலப்பக்கம் இன்னும் தொடவில்லை. தூத்துக்குடி உப்புக் காற்றுக்கு எது தாங்கும்?

பாளை_டிங்கர்
சார், துரு உள்ளேயிருந்து வருகிறது. தகடு மேல் தகடு ஏற்றினால் நடுவில் ஒரு அங்குல இடுக்கு. வெல்ட் சூட்டில் அங்கிருந்த பழைய பெயின்ட் எரிந்து வெறும் இரும்பாகியிருக்கும். சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அதில் ஏறும், காயாது. மேலே தேய்த்து மறுபடி பெயின்ட் அடித்தால் அடுத்த மழை வரைக்கும்தான்.

ஒன்று சொல்லுங்கள்: உள் ஆர்ச்சும் வெளித்தகடும் சேருகிற உதட்டை வெட்டினார்களா? வெட்டிய பிறகு உள் தகட்டை என்ன செய்தார்கள்?

முத்துநகர்_1100
வெட்டினார்கள். உள் தகடு அப்படியே நிற்கிறது. நடுவில் விரல் நுழைகிறது.

பாளை_டிங்கர்
கொப்புளத்தைவிட அதுதான் பெரிய கோளாறு. இரண்டு தகட்டையும் பிடித்திருந்த ஸ்பாட் வெல்ட் (புள்ளி வெல்ட்) எல்லாம் அந்த உதட்டில்தான் இருந்தது. இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாரத்தைத் தாங்குவதே பாடிதான். இப்போது அந்தப் பிடிப்பும் போய், சேறும் மட்கார்டுக்குள் நேராகப் போய்க் கீழே தேங்குகிறது.

வலப்பக்கத்துக்கு: வண்டியில் பாரம் ஏற்றி, ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது டயர் எதுவரை ஏறுகிறது என்று முதலில் குறியுங்கள். பிறகு ஃப்ளேரைப் பிடித்து ஓரத்துக்குக் கோடு போட்டு, வெளித்தகட்டை அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள். ஏற்றி வைக்காமல் விளிம்போடு விளிம்பு வைத்துத்தான் வெல்ட். உள் தகட்டில் 25 மி.மீ.க்கு ஒரு கீறல் போட்டு நாக்கு நாக்காக விடுங்கள், ஆனால் இப்போதே மடக்க வேண்டாம். வெல்ட்டின் பின்பக்கம் டாலி (சுத்தியல் அடிக்கு அண்டக் கொடுக்கும் இரும்புக் கட்டை) பிடிக்கக் கை போக வேண்டும். ஃப்ளேர் முடிந்த பிறகு நாக்குகளை வெளியே தட்டி ஃப்ளேரின் பின்புறத்தில் படியவைத்து வெல்ட் வைத்து, நடுவே வரும் முக்கோண ஓட்டைகளைத் துண்டுத் தகட்டால் அடையுங்கள். நாக்கு படியும் முகங்களில் மட்டும் ஜிங்க் வெல்டிங் பிரைமர்.

கோவை_மிக்
அலைக்குக் காரணம் அந்த "ஒரே ஓட்டம்". வெல்ட் ஆறும்போது சுருங்கும், பக்கத்துத் தகட்டையும் இழுக்கும். 0.9 மி.மீ. தகட்டுக்கு 0.6 மி.மீ. வெல்டிங் கம்பி நல்லது, கிடைக்காவிட்டால் 0.8. ஆர்கான் 80, சி.ஓ.2 20 கலவை, நிமிடத்துக்கு 10 லிட்டர், 35 முதல் 50 ஆம்பியர். வெறும் சி.ஓ.2 சூடு கூட, தெறிப்பும் கூட. இடைவெளி தகட்டுக் கனம் அளவு போதும்.

40 மி.மீ.க்கு ஒரு பொட்டு. அடுத்த பொட்டு எதிர் முனையில். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே பக்கத்தில் வையுங்கள். காற்றடித்தோ ஈரத்துணியாலோ ஆற்றக்கூடாது. டாலியைப் பின்னால் பிடித்து வெல்ட் மேலேயே தட்டினால் சுருங்கியது நீளும். பிறகு 80 கிரிட் ஃபிளாப் டிஸ்க்கால் (உப்புத்தாள் மடல் வைத்த சக்கரம்) தேய்த்துச் சமப்படுத்துங்கள். தேய்க்கும்போது தகடு நீலம் பாய்கிறதென்றால் சூடு ஏறி, கை மிஞ்சிவிட்டது. கடைசியில் பின்னால் விளக்குப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளி வெளிச்சம் தெரிந்தாலும் வெல்ட்டால் அடையுங்கள், பட்டியால் அல்ல.

சக்கரவண்டி
ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகட்டில் ஃப்ளேர் செய்துவிட்டால் துருப் பிரச்சினையே இல்லையே?

கோவை_மிக்
துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், இரும்பு உருகுவதோ 1500 பக்கம். வெல்ட் வைக்கும் இடத்தில்தான் பூச்சு வேண்டும், அங்கேதான் அது நிற்காது. வெல்ட்டில் துளை விழும், புகையை இழுத்தால் குளிர்காய்ச்சல் வரும். சாதா சி.ஆர். (பூச்சில்லாத) தகடே போதும். வெல்டுக்குப் பதில் பித்தளைப் பற்றும் வேண்டாம். அதற்குப் போடும் ஃபிளக்ஸ் பொடி மிச்சம் இருந்தால் பெயின்ட் உரியும்.

பாளை_டிங்கர்
வெல்ட் முடிந்த அன்றே டூ-பேக் (இரண்டு டப்பா கலந்து பூசும்) எபாக்ஸி பிரைமர், முன்னும் பின்னும். உங்கள் ஊரில் வெறும் தகட்டை ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்பழுப்பு தட்டியிருக்கும். துரு நீக்கும் ஆசிட் போட்டால் நன்றாகக் கழுவி, காயவிட்டு, தேய்த்துவிட்டே எபாக்ஸி. ஆசிட் மிச்சத்தில் அது பிடிக்காது. பட்டியும் சீம் சீலரும் (தகடு சேரும் இடுக்கை அடைக்கும் பசை) எபாக்ஸி மேலேதான். பட்டி ஈரத்தை உறிஞ்சும், வெறும் இரும்பில் வைத்தால் நீங்களே துருவுக்கு இடம் கொடுத்த மாதிரி. பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகு, நீளக் குழாய் நாசிலால் மட்கார்டு உள்ளறைக்கு வேக்ஸ் அடியுங்கள். முன்னால் அடித்தால் பெயின்ட் ஒட்டாது. அடியில் உள்ள வடிகால் ஓட்டை அடைபடக்கூடாது. சரியாகப் பிரைமர் போடாத தகட்டில் கறுப்புத் தார் பூசுவது துருவுக்குப் போர்வை போர்த்துவதுதான்.

முத்துநகர்_1100
அப்போ இடப்பக்கம்?

பாளை_டிங்கர்
ஃப்ளேரைக் கழற்றி, மேலேறிய ஒரு அங்குலத்தையும் அடித்தகட்டையும் சேர்த்து வெட்டியெறியுங்கள். பளபளப்பான இரும்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். ஃப்ளேரில் அகலம் பற்றாவிட்டால் புதிதாக அடிக்க வேண்டியதுதான். வலப்பக்கத்தை முதலில் முடித்துவிட்டு இதைத் தொடுங்கள், கை பழகியிருக்கும்.

கோவை_மிக்
பேட்டரி ஒயர், பின்சீட், பெட்ரோல் டேங்க் மூன்றையும் கழற்றாமல் மெஷினை ஆன் செய்யாதீர்கள். எஃப்.சி. (தகுதிச் சான்று) புதுப்பிப்பு பக்கத்தில் இருந்தால் ஆர்.டி.ஓ.விடமும் கேட்டுவிடுங்கள், மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு மாற்றங்களுக்குக் கெடுபிடி.