பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை ஓட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை கணக்குப்பிள்ளை:

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. ஜூலை பிறந்துவிட்டால் வருமான வரி ரிட்டர்ன் வேலை வீடுவரைக்கும் வரும். பான் எண், ஃபார்ம் 16, வங்கி ஸ்டேட்மென்ட், போர்ட்டல் பாஸ்வேர்டு என்று எல்லாமே அடுத்தவர் சமாச்சாரம். வீட்டில் இருப்பதோ ஒரே கம்ப்யூட்டர். அதில் பையன் எங்கிருந்தோ இறக்கிய கேம்களும் கிராக் போட்ட சாஃப்ட்வேர்களும் நிறைந்து கிடக்கின்றன. அந்த விண்டோஸில் உட்கார்ந்து ஒரு கிளையன்ட்டின் பாஸ்வேர்டைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. தனி லேப்டாப்புக்கு இப்போதைக்குக் காசும் இல்லை. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரை அதிலிருந்தே பூட் செய்து, அதாவது எழவைத்து, வேலை பார்க்கிறேன்.

இதன் சூட்சுமம் எளிது. பாஸ்வேர்டு திருடும் வைரஸ் வன்தட்டில் உள்ள விண்டோஸில் குடியிருக்கிறது. விண்டோஸே எழுந்திருக்காவிட்டால் அதுவும் எழுந்திருக்காது. 2009-ல் ஜீயஸ் என்ற திருட்டு நிரல் அமெரிக்காவில் சிறு கம்பெனிகளின் வங்கிக் கணக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதிவந்த பிரையன் கிரெப்ஸ் இதையேதான் பரிந்துரைத்தார்: வங்கி வேலைக்கு மட்டும் லினக்ஸ் சிடி போட்டு பூட் செய்யுங்கள். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் போலீஸ் அதிகாரி ஒருவரும் ஒரு விசாரணையில் ஏறக்குறைய இதையே சொன்னார். அப்போது சிடி, இப்போது பென்டிரைவ்.

நான் கடைப்பிடிப்பவை: உபுண்டு எழுந்த பிறகு வன்தட்டின் படம் பக்கத்திலேயே தெரியும், அதைக் கிளிக் செய்வதே இல்லை. கிளிக் செய்தால்தானே அது திறக்கும். செய்து முடித்த ஃபைல்கள் இன்னொரு பென்டிரைவுக்குப் போகும், அது லக்ஸ் என்ற லினக்ஸ் முறையில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியது. சிரமம் ஒன்றே ஒன்றுதான், டிஎஸ்சி டோக்கன், அதாவது டிஜிட்டல் கையெழுத்துப் போடும் யூஎஸ்பி கருவி. அதன் டிரைவரை ஒவ்வொரு முறை பூட் செய்யும்போதும் புதிதாக ஏற்ற வேண்டியிருக்கிறது. கையெழுத்துப் போடுவதை மட்டும் அலுவலகத்துக்குத் தள்ளிவிட்டேன்.

உங்களுக்கு என்னென்ன நேர்ந்தது? நல்லதும் கெட்டதும் எழுதுங்கள்.

பழைய பிரவுசிங் சென்டர்:

சார், இதை வாடிக்கையாளர் பக்கம் இருந்து சொல்கிறீர்கள், நான் கல்லாப்பெட்டிப் பக்கம் இருந்து சொல்கிறேன். திண்டுக்கல்லில் பிரவுசிங் சென்டர் நடத்தினேன், எல்லாம் ஆர்க்குட் காலம். எங்கள் மெஷின்களில் டீப் ஃப்ரீஸ் என்ற சாஃப்ட்வேர் போட்டிருந்தோம். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் காலையில் ஒருவன், தட்டுவதை எல்லாம் பதியும் கீலாகர் போட்டுவிட்டுப் போனால், அடுத்த ரீஸ்டார்ட் வரை உட்காருகிறவர்கள் அத்தனை பேரும் அதில் மாட்டுவார்கள். கூட்டம் இருக்கும்போது ஆளுக்கு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்ய யாருக்குப் பொறுமை?

அப்போது ஒரு கல்லூரி வாத்தியார் வருவார். பையில் ஒரு நாப்பிக்ஸ் சிடி. கிளாஸ் நாப்பர் என்ற ஜெர்மன்காரர் 2000-ல் வெளியிட்டது, சிடியிலேயே முழு லினக்ஸ். "தம்பி, பயாஸ் பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்பார். மெஷின் சிடியிலிருந்து எழ அந்த அமைப்புக்குள் போய் மாற்ற வேண்டும். முதலில் நான் தரவில்லை. வேறு ஏதாவது செய்துவிட்டால் என்ன பண்ணுவது? பிறகு ஓரத்து மெஷின் ஒன்றை அவருக்கென்றே சிடியில் பூட் ஆகும்படி வைத்துக் கொடுத்தேன். தன் வங்கி வேலையை முடிப்பார், சிடியை எடுத்துப் பைக்குள் வைப்பார், போவார். மற்றவர்கள் உட்கார்ந்த மெஷினில் ஹிஸ்டரியைத் திறந்தால் பாதி ஊர் ரகசியம் இருக்கும். அவர் உட்கார்ந்ததில் ஒன்றும் இருக்காது.

ஆனால் ஒன்று. கீபோர்டு வயருக்கும் சிபியூவுக்கும் நடுவில் செருகும் சின்ன கீலாகர் கருவிகள் அப்போதே கிடைத்தன. கட்டை விரல் அளவுதான் இருக்கும். சிடியில் பூட் செய்தாலும் பென்டிரைவில் பூட் செய்தாலும் அது பாட்டுக்குத் தட்டியதை எல்லாம் பதிந்துகொள்ளும். அடுத்தவர் மெஷினில் உட்காருகிறவர்கள் பின்பக்கம் ஒரு முறை எட்டிப்பார்த்துவிட்டு உட்காருங்கள்.

தமிழ்99:

நான் பென்டிரைவில் டெய்ல்ஸ் பயன்படுத்துகிறேன். ஆற்று மணல், குவாரி பற்றி எழுதுகிற நிருபர். எனக்குத் தகவல் தருகிறவர்கள் அதே ஊரில்தான் குடியிருக்கிறார்கள். என் லேப்டாப் யார் கைக்காவது போனால் அவர்கள் பெயர் அதில் இருக்கக் கூடாது. வைரஸ் எல்லாம் எனக்கு அடுத்த கவலைதான்.

தெரியாதவர்களுக்காக: டெய்ல்ஸ், டெபியன் என்ற லினக்ஸின் அடிப்படையில் செய்த இன்னொரு லினக்ஸ். 2009-ல் தொடங்கியது, 2024-ல் டோர் திட்டத்தோடு இணைந்துவிட்டது. குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும். இணையத்துக்குப் போவதெல்லாம், எங்கிருந்து வருகிறோம் என்பதை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாகத்தான் போகும். அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். 2013-ல், அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடனின் ஆவணங்களை வைத்து வேலை செய்த பத்திரிகையாளர்கள் லாரா பாய்ட்ரஸும் கிளென் கிரீன்வால்டும் இதைத்தான் பயன்படுத்தினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவை உருவினால் கம்ப்யூட்டர் உடனே அணைந்துவிடும், போகும்போது ரேமையும், அதாவது தற்காலிக நினைவகத்தையும், துடைத்துவிட்டுப் போகும். ரேமை ஏன் துடைக்க வேண்டும் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. மின்சாரம் போனால் ரேமில் இருப்பது போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது உடனே போவதில்லை, சில நொடிகள் தங்கும், சிப்பைக் குளிரவைத்தால் நிமிடக்கணக்கில் தங்கும் என்று 2008-ல் பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் செய்தே காட்டினார்கள். நம் ஊரில் அந்த அளவுக்கு மெனக்கெடுகிறவர் யாரும் என் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை என்றாலும், உருவினால் அணையும் என்பது பெரிய நிம்மதி.

இனி புலம்பல். முதலாவது, டெய்ல்ஸில் வங்கி வேலை பார்க்க நினைக்காதீர்கள். டோர் வழியாகப் போனால் நீங்கள் ஏதோ ஒரு வெளிநாட்டிலிருந்து வருவதாக வங்கிக்குத் தெரியும், கணக்கை முடக்கி வைக்கவும் கூடும். என் கணக்கை முடக்கினார்கள். கிளைக்கு நேரில் போய், "மேடம், நீங்க வெளிநாடு போயிருந்தீங்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லித் திறக்க வேண்டியிருந்தது. வங்கிக்குக் கணக்குப்பிள்ளை சாரின் உபுண்டுதான் சரி.

இரண்டாவது, தமிழ் விசைப்பலகை. ஒவ்வொரு முறையும் அமைப்புக்குள் போய்ச் சேர்க்க வேண்டும். அவசரமாகச் செய்தி அனுப்பும்போது எரிச்சலாக இருக்கும். பென்டிரைவிலேயே பூட்டிய சேமிப்பிடம் ஒன்றை உருவாக்கும் வசதி உண்டு, குறிப்புகளையும் வைஃபை பாஸ்வேர்டையும் அதில் வைத்திருக்கிறேன். அதையும் அளவோடுதான் பயன்படுத்துகிறேன். மறதிக்காகத்தானே இதையே எடுத்தோம்?

மூன்றாவது புலம்பல் இல்லை, நன்மைதான். தகவல் தருகிறவர்கள் போனில் எடுத்து அனுப்பும் படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யும் கருவி டெய்ல்ஸில் கூடவே வருகிறது. இதற்காகவே எங்கள் அலுவலகத்தில் இன்னும் இருவர் மாறினார்கள்.

சர்வீஸ்காரன்:

லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு நாளைக்கே நாலு பேர் என் கடைக்கு வருவீர்கள் என்று தெரிகிறது, அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புது லேப்டாப்பில் பென்டிரைவ் பூட் ஆகவில்லை என்றதும் யூட்யூப் பார்த்து செக்யூர் பூட்டை, அதாவது அங்கீகரித்த சிஸ்டத்தை மட்டும் எழவிடும் பாதுகாப்பை, அணைப்பார்கள். பென்டிரைவ் வேலை செய்யும், சந்தோஷம். திரும்ப விண்டோஸுக்குப் போனால் நீலத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அதுதான் பிட்லாக்கர், வன்தட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. லேப்டாப் வாங்கும்போதே அது ஆன் ஆகியிருப்பது பலருக்குத் தெரியாது.

கீ எங்கே இருக்கும்? பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில். யாருடைய கணக்கு? சமீபத்தில் ஒருவர் வந்தார். வாங்கிய கடையிலேயே எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டார்களாம், எந்த ஈமெயிலில் என்று இவருக்கும் தெரியவில்லை, கடைக்காரப் பையனுக்கும் நினைவில்லை. மகள் கல்யாண ஃபோட்டோ எல்லாம் அதற்குள். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. நான் செய்தது வேறொன்றும் இல்லை, செக்யூர் பூட்டைப் பழையபடி ஆன் செய்தேன். விண்டோஸ் கீ கேட்காமலே திறந்தது. பல நேரம் இது போதும், எல்லா நேரமும் இல்லை. அதனால் எதையும் தொடுவதற்கு முன் கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் செக்யூர் பூட்டை அணைக்கவே தேவையில்லை. உபுண்டு அது ஆனில் இருக்கும்போதே எழும், டெய்ல்ஸும் 2020-ல் வந்த 4.5 பதிப்பு முதல் அப்படித்தான். எதிலிருந்து எழ வேண்டும் என்று கேட்கும் பூட் மெனு மட்டும் வந்தால் போதும், லேப்டாப்பை ஆன் செய்ததும் அழுத்த வேண்டியது: டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9.

இதே பென்டிரைவுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. விண்டோஸ் எழாத லேப்டாப் வந்தால் நான் முதலில் செய்வது பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸில் பூட் செய்து ஃபைல்களை வெளியே எடுப்பதுதான். பிட்லாக்கர் இல்லாத மெஷின் என்றால் விண்டோஸ் பாஸ்வேர்டு ஒரு பொருட்டே இல்லை, எல்லா ஃபோல்டரும் திறந்து கிடக்கும். அழுதுகொண்டு வந்தவர்களுக்கு ஃபைலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், காலில் விழாத குறை. ஆனால் எனக்குத் திறக்கிறது என்றால் ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பையனுக்கும் திறக்கும். நீங்கள் பென்டிரைவில் எவ்வளவு சுத்தமாக வேலை செய்தாலும், பழைய ஆவணங்கள் பூட்டாத வன்தட்டில் கிடந்தால் அவற்றுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

பப்பி ரசிகன்:

அரசு கொடுத்த இலவச லேப்டாப் இன்னும் ஓடுகிறது. விண்டோஸும், இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. விண்டோஸ் எப்போதோ படுத்துவிட்டது. இப்போது பப்பி லினக்ஸ், பென்டிரைவிலிருந்து. மொத்தமும் ரேமில் ஏறிக்கொள்ளும், பழைய மெஷினே பறக்கும். அணைக்கும்போது "சேமிக்கவா?" என்று கேட்கும், வேண்டாம் என்றால் வந்த சுவடே இருக்காது. வழக்கமாக எதையும் மாற்றக்கூடிய ரூட் அதிகாரத்திலேயே ஓடுவதுதான் இதன் பலவீனம் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அது போதும்.

ஐடி வாசி:

எங்கள் கம்பெனியில் முன்பு விண்டோஸ் டு கோ கொடுத்தார்கள். பிட்லாக்கர் பூட்டிய யூஎஸ்பியில் முழு விண்டோஸ், வீட்டு மெஷினில் செருகினால் அலுவலக கம்ப்யூட்டர். நன்றாகத்தான் இருந்தது. 2020-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்போடு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது.

அது போகட்டும், ஒரு கேள்வி. இப்போது வங்கி, ஆதார், யுபிஐ எல்லாமே போனில் இருக்கிறது. கம்ப்யூட்டரை மட்டும் இவ்வளவு பொத்திப் பாதுகாத்து என்ன ஆகப்போகிறது?

கோவை கணக்குப்பிள்ளை:

நியாயமான கேள்விதான் தம்பி. என் சொந்த வங்கி வேலையும் போனில்தான். ஆனால் நாற்பது பேருடைய ஸ்டேட்மென்ட்டை விரிதாளில் போட்டு ஒத்துப்பார்க்கிற வேலையைப் போனில் செய்ய முடியாது. அந்த வேலைக்கு மட்டும்தான் பென்டிரைவ். எல்லா ஆபத்துக்கும் இது மருந்து என்று யாரும் நினைக்க வேண்டாம். போலி இணையதளத்தில் நானே பாஸ்வேர்டைத் தட்டினால் உபுண்டு என்ன செய்யும்?

சேமிப்பு பற்றி ஒன்று சேர்க்கிறேன், தமிழ்99 மேடம் சொன்னதைப் பார்த்ததும் தோன்றியது. ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேரில் உபுண்டு பென்டிரைவ் தயாரிக்கும்போது "நிலையான சேமிப்பு" வைக்கலாம். அந்தப் பகுதி பூட்டப்படுவதில்லை. பஸ்ஸில் தொலைத்தால் எடுத்தவர் படிக்கலாம். டெய்ல்ஸில் உள்ளது அப்படி இல்லை, பூட்டியதுதான். இன்னொன்று, வன்தட்டில் ஏற்கெனவே லினக்ஸ் போட்டு, ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப் பகுதி வைத்திருந்தால் சில லைவ் லினக்ஸ்கள் கேட்காமலே அதை எடுத்துக்கொள்ளும். ரேமில் இருக்க வேண்டியதில் கொஞ்சம் வன்தட்டுக்குப் போய்விடும். டெய்ல்ஸ் அதைத் தொடாது.

புதுசு:

ஐயா, எல்லாம் படித்துவிட்டு நேற்று உபுண்டு போட்டுப் பார்த்தேன். நன்றாக ஓடியது. ஆனால் திரும்ப விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது. வைரஸா?

சர்வீஸ்காரன்:

வைரஸ் இல்லை தம்பி, பயப்படாதே. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஐந்தரை. விண்டோஸில் தேதி, நேரம் அமைப்புக்குள் போய் "இப்போதே ஒத்திசை" என்ற பட்டனை அழுத்து, சரியாகிவிடும்.

கோவை கணக்குப்பிள்ளை:

அதைச் செய்யாமல் எந்த போர்ட்டலுக்குள்ளும் போகாதே தம்பி. நேரம் தப்பாக இருந்தால் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மிரட்டலாம். டிஎஸ்சி வைத்துக் கையெழுத்துப் போடுகிறவராக இருந்தால் அந்தத் தப்பான நேரமே ஆவணத்தில் விழுந்துவிடும்.