பிரஸ்ஸில் விரல் போய்விட்டது, ஈஎஸ்ஐ பதிவோ விபத்துக்கு மறுநாள் தேதியில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பாடிவாசி:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 28. அம்பத்தூர் எஸ்டேட்டில், தகடு வெட்டி அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆளாக வேலை. போன மாதம் நைட் ஷிப்டில் பவர் பிரஸ்ஸில் கை மாட்டி, வலது ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. கான்ட்ராக்டர்தான் தனியார் மருத்துவமனையில் சேர்த்து பில் கட்டினார். ஆனால் டிஸ்சார்ஜ் தாளில் "வீட்டுக் கதவில் கை நசுங்கியது" என்று எழுதியிருக்கிறது. தம்பி அப்படிச் சொல்லவே இல்லை. இப்போது 20,000 ரூபாய் தருகிறோம், பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறார்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் அடித்து வைத்திருக்கிறார்கள். சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறது, கார்டு மட்டும் தரவில்லை. கையெழுத்துப் போடலாமா? ஈஎஸ்ஐக்குப் போவதா, லேபர் ஆபீசுக்குப் போவதா? தம்பி ரொம்பப் பயந்திருக்கிறான்.

பிரஸ்ஷாப் சீனியர்:
கையெழுத்து வேண்டாம் அம்மா. முதலில் தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: அந்த மிஷினில் இரண்டு கை பட்டன் இருந்ததா? இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினால்தான் ராம் (மேலிருந்து அழுத்தும் பாகம்) இறங்க வேண்டும், அப்போது கை டைக்குள் (கீழே உள்ள அச்சுக்குள்) இருக்கவே முடியாது. பீஸ் எண்ணிக்கை ஏற வேண்டும் என்று ஒரு பட்டனை டேப் சுற்றி நிரந்தரமாக அமுக்கி வைப்பதையும், பெடலுக்கு மாற்றி விடுவதையும் நான் நிறைய ஷாப்பில் பார்த்திருக்கிறேன். அடிபட்ட பிறகு "அவன்தான் கையை விட்டான்" என்பார்கள். அந்த ஷிப்டில் கூட நின்றவர்கள் யார், சூப்பர்வைசர் அன்று ராத்திரி அனுப்பிய வாட்ஸ்அப் எது, எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். கை ரேகை வைத்த வருகைப் பதிவு இருந்தால் அதுவே போதும், அந்த நேரத்தில் அவர் வீட்டில் இல்லை என்று காட்ட.

சங்கத்துத் தோழர்:
ஈஎஸ்ஐயா லேபர் ஆபீசா என்பது நாம் தேர்ந்தெடுக்கிற விஷயம் இல்லை சகோதரி. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தொழிற்சாலை, மாதச் சம்பளம் 21,000க்குள் என்றால் ஈஎஸ்ஐதான். அதில் வந்துவிட்டால் லேபர் ஆபீஸ் வழியாக இழப்பீட்டுச் சட்டத்தில் தனியாகக் கேட்க முடியாது. கான்ட்ராக்ட் ஆள் என்பதால் ஒன்றும் குறையாது, முதன்மை நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. தம்பியின் ஈஎஸ்ஐ காப்பீட்டு எண்ணைக் கண்டுபிடித்து, பதிவான தேதியைச் சொல்லுங்கள்.

பாடிவாசி:
எண் கிடைத்துவிட்டது அண்ணா. ஆனால் பதிவு செய்த தேதி விபத்துக்கு மறுநாள்! எட்டு மாதமாகப் பிடித்த பணம் எங்கே போனது? சம்பளம் 15,600. "விபத்து அன்று நீ ஈஎஸ்ஐயில் இல்லை, அங்கே போனாலும் கிடைக்காது" என்று கான்ட்ராக்டர் சொல்கிறார்.

கொரட்டூர் வக்கீல்:
அவர் சொல்வது தவறு. ஈஎஸ்ஐ பொருந்துகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே ஒருவர் காப்பீட்டாளர். சந்தா கட்டாததும் தாமதமாகப் பதிந்ததும் முதலாளியின் குற்றம். ஈஎஸ்ஐ கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். விபத்துக்குப் பிறகு பதிவு செய்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே இப்படித்தான் தீர்ப்பளித்தது. வேலையில் பட்ட காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் பழைய ஈஎஸ்ஐ சட்டமும் 1923 இழப்பீட்டுச் சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன, ஆனால் இந்த அடிப்படைகள் அதிலும் தொடர்கின்றன.

பணக் கணக்கைப் பாருங்கள். தினக்கூலி சராசரி 600 என்று வைத்துக்கொண்டால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு அதில் 90 சதவீதம், அதாவது நாளுக்கு 540. அதன் பிறகு நிரந்தர ஊனத்துக்கான தொகை. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு இழப்புக்குச் சட்ட அட்டவணையில் 11 சதவீதம். 540இல் 11 சதவீதம், நாளுக்கு 59 ரூபாய் 40 காசு. மாதம் ஏறக்குறைய 1,780, ஆயுள் முழுக்க. ஈஎஸ்ஐ பொருந்தாத இடமாக இருந்திருந்தால் வேறு கணக்கு: கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000, அதில் 60 சதவீதம் 9,000, அதை 28 வயதுக்குச் சட்டம் தரும் காரணி 211.79ஆல் பெருக்கி, அதில் 11 சதவீதம் என்று 2,09,672 ரூபாய் வரும். எந்த வழியில் போனாலும் அவர்கள் நீட்டுகிற 20,000 எங்கே இருக்கிறது பாருங்கள்! இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்குகிற ஒப்பந்தம் செல்லாது. ஆனாலும் கையெழுத்துப் போட்டால் அதைக் காட்டியே இழுத்தடிப்பார்கள், அதனால் வேண்டாம்.

இப்போது ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போங்கள். விபத்து நடந்த தேதி, நேரம், மிஷின், கூட இருந்தவர்கள் என்று ஒரு கடிதம் எழுதி, சம்பளச் சீட்டு நகல்களை இணைத்துக் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்கிவிடுங்கள். விபத்து அறிக்கை கொடுக்க வேண்டியது முதலாளி. அவர் தராவிட்டால் உங்கள் புகாரை வைத்துக் கிளை மேலாளர் விசாரிக்கலாம். அங்கே இழுத்தடித்தால் நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் ரோட்டில் இருக்கும் மண்டல அலுவலகத்துக்கு அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பாடிவாசி:
கடிதம் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டோம் சார். மருத்துவமனையில் மட்டும் கதவு என்று எழுதியதை மாற்ற மாட்டோம் என்கிறார்கள். கூட வேலை செய்த இரண்டு பேர் எழுதிக் கொடுக்கத் தயார். ஆனால் கான்ட்ராக்டர் தம்பிக்குப் போன் செய்து, வந்து கையெழுத்துப் போட்டால்தான் திரும்ப வேலை என்கிறார்.

கொரட்டூர் வக்கீல்:
மாற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். அந்த விவரத்தைத் தம்பி சொல்லவில்லை, யார் சொன்னது என்று பதிவேட்டில் பார்த்து நகல் தரவும் என மருத்துவமனைக்கு எழுதிக் கொடுங்கள், அதற்கும் ஒரு முத்திரை. ஆபரேஷன் குறிப்பையும் எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்குங்கள். பிரஸ்ஸில் வெட்டுப்பட்ட விரலுக்கும் கதவில் நசுங்கிய விரலுக்கும் உள்ள வித்தியாசத்தை ஊனத்தை மதிப்பிடுகிற மருத்துவ வாரியத்தில் இருப்பவர்கள் பார்த்தாலே சொல்வார்கள். இனிக் கட்டுப் போடுவதெல்லாம் ஈஎஸ்ஐ டிஸ்பென்சரியிலோ அயனாவரம் ஈஎஸ்ஐ மருத்துவமனையிலோ நடக்கட்டும். தற்காலிக உதவித்தொகைக்கு அங்கே தரும் மருத்துவச் சான்றுதான் தேவை.

தற்காலிக உதவித்தொகை ஓடுகிற காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது. போனில் பேச வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள், எதுவாக இருந்தாலும் வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லட்டும். வக்கீல் செலவை நினைத்துத் தயங்கவும் வேண்டாம். தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100க்குப் போன் செய்யுங்கள்.