தாத்தாவின் கப்பல் புத்தகம், லண்டன் 1966: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஈசூன்_பேத்தி:
வணக்கம். என் அம்மாவின் அப்பா கப்பலில் எஞ்சின் ரூம் ஆளாக இருந்தவர். கடைசிக் காலத்தில் எங்களோடு சிங்கப்பூர் தோ பாயோவில்தான் இருந்தார். அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினால் கீழே நின்றுகொண்டு "ஆரியா, ஆரியா… பஸ்!" என்பார். பாட்டியைப் "பண்டாரி" என்று கூப்பிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். அவருடைய கப்பல் புத்தகத்தில் (மாலுமியின் பணிப் பதிவேடு) லண்டன், ஜூன் 1966 என்று ஒரு முத்திரை இருக்கிறது. கேட்டால், "அப்போ ஸ்ட்ரைக். ஆனா நாங்க ஸ்ட்ரைக் பண்ணல" என்பதோடு நிறுத்திவிடுவார். அது என்ன வேலைநிறுத்தம்? இவர்கள் ஏன் சேரவில்லை? அந்தச் சொற்கள் மலாய் மொழியா? என் மலாய்த் தோழிக்கும் தெரியவில்லை.

எவர்ட்டன்_ரோடு:
என் அப்பா ஹார்பர் போர்டில் வின்ச் ஓட்டினார். ஆரியா என்றால் இறக்கு, ஹபேஸ் என்றால் தூக்கு, பஸ் என்றால் போதும். கையை ஆட்டிக்கொண்டே கத்துவார்கள். 1972 ஜூனில் 'நிஹோன்' கப்பல் கொள்கலன்களோடு தஞ்சோங் பகாருக்கு வந்த பிறகு அந்தக் கூச்சலுக்கெல்லாம் வேலை குறைந்துபோனது. எங்கள் வீட்டில் ஸ்ட்ரைக் என்றால் 1955தான். ஜமித் சிங்கின் துறைமுக ஊழியர் சங்கம், 67 நாள். கடல் கதையைக் கப்பல்காரர்கள் யாராவது வந்து சொல்லட்டும்.

பழைய_தேல்வாலா:
அம்மா, உங்க தாத்தா சொன்னது சரி. அந்த மாசம் நானும் லண்டன் ராயல் டாக்ஸில்தான் இருந்தேன், எந்தக் கப்பல்னு இங்கே எழுத வேண்டாம். சிங்கப்பூரில் ஒரு ஆள் காய்ச்சலில் இறங்கிட்டார், அவர் இடத்தில் என்னை ஏத்தினாங்க. எஞ்சின் ரூமில் மத்தவங்க பெரும்பாலும் வங்காளத்துச் சில்ஹெட், சிட்டகாங் ஆட்கள். எனக்குத் தமிழும் பசார் மலாயும்தான் தெரியும்.

முதல்ல ஸ்ட்ரைக். 1966 மே 16 அன்று பிரிட்டிஷ் மாலுமிகள் சங்கம் ஆரம்பிச்சது, ஜூலை 1 வரை போச்சு. வாரத்துக்கு 56 மணி நேர வேலையை 40 ஆக்கணும்னு கேட்டாங்க. ஊர் திரும்பின கப்பல்களில் அவங்க ஆட்கள் கையெழுத்துப் போட்டு இறங்கிப் போயிடுவாங்க. கப்பல் அப்படியே கட்டிக் கிடக்கும். மே 23 அன்று அரசாங்கம் அவசரநிலையே அறிவிச்சது. பிரதமர் வில்சன் கம்யூனிஸ்ட் கைவேலைன்னு பார்லிமெண்டில் பேசினார்.

நாங்க அந்தச் சங்கத்தில் இல்ல. எங்களுக்குத் தனி ஒப்பந்தம், சம்பளமும் ரொம்பக் கம்மி. டாக் கேட்டில் மறியலுக்கு நின்ன ஒரு வெள்ளைக்காரர் என்னை நிறுத்தி, மாசம் எவ்வளவுன்னு கேட்டார். சொன்னேன். நம்பாம எங்க ஆட்களுக்குத் தலைவரான சாரங்கிட்ட போய்த் திரும்பக் கேட்டார். அவர் எங்களைத் திட்டவே இல்ல, அதைச் சொல்லணும்.

நாங்க நின்னிருந்தா? 1894 சட்டம்மா. உத்தரவை மறுத்தா கேப்டன் லாக் புத்தகத்தில் எழுதிச் சம்பளத்தில் பிடிப்பார், ஜெயிலுக்கும் அனுப்பலாம். 1939இல் யுத்தம் தொடங்கினப்போ லஸ்கர்னு சொல்ற எங்களை மாதிரி ஆசிய மாலுமிகள் கூலி கூட்டச் சொல்லி நின்னு, நூத்துக்கணக்கில் உள்ளே போனாங்க. எங்க பண்டாரி அந்தக் கதையை வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் சொல்வார். அதுக்கும் மேல சாரங். அவர்தான் ஆள் சேர்க்கிறவர். அவரைப் பகைச்சா அடுத்த கப்பல் கிடையாது.

இப்போ பாஷை. அது லஸ்கரி. அடியில் இந்துஸ்தானி, மேல போர்த்துகீசும் அரபியும் கலந்தது. பண்டாரின்னா சமையல்காரர், பாட்டிக்குக் கோபம் வராம என்ன செய்யும்! பாய்லர் ஆள் ஆக்வாலா, எண்ணெய் போடுற நான் தேல்வாலா, ஸ்டோர் பார்க்கிறவர் கசப், பெருக்கித் துடைக்கிறவர் டோப்பாஸ். சாரங்கும் கிளாசியும் மலாயிலும் உண்டு, ஆனா இப்போ ஆபீஸ் போற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நாகப்பட்டினம் போட்டுக்காரங்க தண்டல்னு சொல்றதும் இதே குடும்பம்தான். இந்தப் பேச்செல்லாம் கப்பலின் மேல்தளத்துக்குத்தான். கீழே எஞ்சின் ஓடும்போது காதில் ஒண்ணும் விழாது. ரெண்டு விரல், நாலு விரல், கட்டை விரல், அவ்வளவே.

அந்த லண்டன் நாட்களில் ஒண்ணு நடந்தது. கப்பல் நகரல, அரிசி தீர்ந்துபோச்சு. வேளா வேளைக்கு உருளைக்கிழங்கு. ஒரு மத்தியானம் சிட்டகாங் பையன் ஒருத்தன் காலித் தட்டை எடுத்துக்கிட்டு மாலிம், அதாவது கப்பல் அதிகாரி, அவர் கேபின் வாசலில் வச்சான். இன்னொருத்தன் வச்சான். நானும் வச்சேன். சாரங் ஓடி வந்து லஸ்கரியில் எங்க தாய் தகப்பனையெல்லாம் இழுத்தார். அப்புறம் பேசாம கீழே போய்த் தன் தட்டையும் கொண்டுவந்து மேலே வச்சார். மாலிம் கதவைத் திறந்து "ஸ்ட்ரைக்கா?"ன்னு கேட்டார். சாரங் சொன்னார்: "ஸ்ட்ரைக் நஹி சாப். பூக்." ஸ்ட்ரைக் இல்ல ஐயா, பசின்னு அர்த்தம். ஸ்ட்ரைக்னு ஒத்துக்கிட்டா லாக்கில் ஏறும், பசிக்கு எந்தச் சட்டத்திலும் அபராதம் இல்ல. மறுநாள் ஈஸ்ட் எண்டிலிருந்து மூட்டை மூட்டையா அரிசி வந்தது.

உங்க தாத்தா புத்தகத்தில் அந்த வரியில் நடத்தைன்னு ஒரு கட்டம் இருக்கும், பாருங்க. 'வெரி குட்' முத்திரையா? 'டிக்ளைன்ஸ் டு ரிப்போர்ட்'னா கேப்டன் நல்லபடியா எழுத மறுத்துட்டார்னு அர்த்தம்.

எவர்ட்டன்_ரோடு:
அந்த ஸ்ட்ரைக் நடக்கும்போதே விசாரணைக் குழு வைத்தார்கள், பிறகு 1970இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் கப்பலைப் பத்திரமாகக் கட்டியபின் 48 மணி நேர நோட்டீஸ் கொடுத்தால் மாலுமி வேலைநிறுத்தம் செய்யலாம் என்று வந்தது.

ஈசூன்_பேத்தி:
பார்த்துவிட்டேன் ஐயா. திறமை, நடத்தை இரண்டிலும் 'வெரி குட்'. ஆனால் அடுத்த கப்பலில், 1967இல், நடத்தைக்கு நேரே நீங்கள் சொன்ன அந்த இன்னொரு முத்திரை! அம்மாவிடம் காட்டினேன், அவருக்கே புதுச் செய்தி. பக்கங்கள் உதிர்கின்றன, லேமினேட் செய்யலாமா?

பழைய_தேல்வாலா:
ஐயோ, வேண்டாம்மா. லேமினேட் பண்ணினா பிறகு பிரிக்க முடியாது. அமிலமில்லாத காகிதத்தில் சுத்தி, வெயில் படாத இடத்தில் வைங்க. அந்த 1967 வரியில் எந்தத் துறைமுகம்னு பார்த்துச் சொல்லுங்க.