டாலடேகா 2004: மஞ்சள் விளக்கு எரிந்தபோது முன்னால் இருந்தது 8ஆ, 24ஆ?

கறுப்பு மூன்று:
பக்கத்து இழையில் ஃபார்முலா ஒன் ரசிகர் வளைவுப்பிரியன் அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. “நாஸ்கார் ரசிகனுக்கு ரேஸ் முக்கியமில்லை, குடித்த பீர் கேனை வீச ஒரு சாக்கு போதும். 2004இல் டாலடேகாவில் தங்கள் ஆள் தோற்றதைத் தாங்காமல் வீசினார்கள்” என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறார். தோற்றதற்காக யாரும் வீசவில்லை சார். அலபாமாவின் டாலடேகா ஓவல் தடத்தில் சில சுற்றுகளே பாக்கி. டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியரின் 8ஆம் எண் சிவப்பு காரும் ஜெஃப் கார்டனின் 24உம் முட்டிக்கொண்டு வருகின்றன. பின்னால் விபத்து, முந்தக் கூடாது என்று எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு. அந்த நொடியில் 8தான் முன்னால். பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் 24 என்றது. மறுபடி பச்சைக் கொடி காட்டாமல் வரிசையாக உருட்டியே ரேஸை முடித்துவிட்டார்கள். நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்தவனுக்கு வயிறு எரியாதா?

வளைவுப்பிரியன்:
வயிறு எரியட்டும், கை ஏன் நீள வேண்டும்? 2021 அபுதாபி ஃபார்முலா ஒன் ரேஸின் கடைசிச் சுற்றில் விதியையே வளைத்தார்கள் என்று பாதி உலகம் கொதித்தது. அதற்காக வெர்ஸ்டாப்பன் கார் மீது கேன் பறந்ததா? அப்புறம், 8 முன்னால் இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வீடியோவைப் பார்த்துத்தானே 24 என்று முடிவு செய்தார்கள்.

கறுப்பு மூன்று:
நானும் வீடியோ பார்த்தவன்தான். 8 முன்னால். ஃபார்முலா ஒன்னில் ஒருவன் முதல் சுற்றில் முந்தினால் கடைசி வரை அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு போவதுதான் ரேஸ். அதைப் பார்த்துப் பழகியவருக்கு டாலடேகா புரியாது.

பிட்சுவர்:
சார்லட் பக்கம் இருப்பவன் என்ற முறையில் ஒரு விளக்கம். 2003 செப்டம்பர் வரை மஞ்சள் விழுந்தாலும் கோடு வரை போட்டி போட்டு ஓடலாம். நியூ ஹாம்ப்ஷயரில் டேல் ஜாரட்டின் கார் தடத்தின் நடுவே நின்றுபோய், மற்றவர்கள் அவரை நோக்கியே பறந்து வந்தார்கள். அந்தப் பயத்தில்தான் விதியை மாற்றினார்கள். விளக்கு எரிந்த கணத்தில் யார் எங்கே இருந்தாரோ அங்கேயே வரிசை உறைந்துவிடும். டாலடேகா 2.66 மைல், வளைவில் 33 டிகிரி சாய்வு. எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டர் பிளேட் போட்டதால் எல்லாக் காருக்கும் ஏறக்குறைய ஒரே வேகம். இந்த விநாடி இவன் மூக்கு முன்னால், அடுத்த விநாடி அவன் மூக்கு. கேலரியில் இருந்தவன் பார்த்தது அடுத்த விநாடியை. விதி கேட்பது விளக்கு எரிந்த விநாடியை. ரசிகர்களின் கத்தல் வீண்போகவும் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் ரேஸ் மஞ்சளிலேயே முடியாமல் இருக்க, பச்சை, வெள்ளை, கட்டக் கொடி என்று கூடுதலாக இரண்டு சுற்று ஓட்டும் முறை நாஸ்காரின் முதன்மையான கப் தொடருக்கும் வந்தது.

கறுப்பு மூன்று:
அந்தக் கணத்தைத்தான் நானும் சொல்கிறேன் பிட்சுவர். அந்தக் கணத்தில் 8. விதியை மாற்றினார்கள் என்றால் என்ன அர்த்தம்? நடந்தது தப்பு என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. போன வருஷம் டேட்டோனா இழையிலும் இப்படித்தான் பாடம் நடத்தினீர்கள். மறக்கவில்லை.

அட்லாண்டா அக்கா:
நான் கார்டன் கட்சி, மறைக்க மாட்டேன். கேன் பறந்தது 2004இல் மட்டுமா? 2007 ஏப்ரல் 29ஐ ஏன் யாரும் பேசவில்லை? அன்று அதே டாலடேகாவில் கார்டன் ஜெயித்தது 77ஆவது வெற்றி. ஜூனியரின் அப்பா, மறைந்த டேல் ஏர்ன்ஹார்ட்டின் 76ஐத் தாண்டிய வெற்றி, அதுவும் ஏர்ன்ஹார்ட்டின் பிறந்தநாளில். அதற்கு முந்தைய ரேஸில்தான், ஃபீனிக்ஸில் 76ஐத் தொட்ட கையோடு, ஏர்ன்ஹார்ட்டின் கார் எண்ணான 3 போட்ட கொடியைக் காருக்கு வெளியே பிடித்து மரியாதை செய்தார் மனுஷன். அதற்குக் கைம்மாறாக மழை மாதிரிக் கேன். இங்கே 8 எங்கே வந்தது தம்பி?

கறுப்பு மூன்று:
அக்கா, 2007 ரேஸும் மஞ்சளில்தான் முடிந்தது. அதை விட்டுவிட்டீர்களே.

அட்லாண்டா அக்கா:
மஞ்சளில் எத்தனையோ ரேஸ் முடிகிறது. கேன் கார்டனுக்கு மட்டும்தான் வருகிறது. காரணம் உங்களுக்கும் தெரியும். கலிஃபோர்னியாவில் பிறந்து இண்டியானாவில் வளர்ந்த பையன், பேச்சில் தெற்கத்தி வாடை இல்லை, வானவில் வண்ணத்தில் கார். சின்னப் பையன், ஜெயித்தால் ஷாம்பேனுக்குப் பதில் பால்தான் குடிப்பான் என்று ஏர்ன்ஹார்ட் சும்மா சீண்டினார், 1995இல் சாம்பியன் ஆனதும் கார்டன் விருந்து மேடையில் பால் கோப்பையைத் தூக்கிக் காட்டி அந்தச் சீண்டலை ரசித்தார். அவர்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். பகையைக் கட்டிக்கொண்டு அழுதது கேலரி.

டாலடேகாவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர், பின்பக்கம் முழுக்க 3 தைத்த ஜாக்கெட். நான் 24 தொப்பி. முறைத்துக்கொண்டேதான் இருந்தார். ஓட்டுநர்களின் ரேடியோப் பேச்சைக் கேட்கும் என் ஸ்கேனரில் பேட்டரி தீர்ந்ததும் தன் ஹெட்செட்டைக் கழற்றி என் காதில் மாட்டி, 24இன் அலைவரிசையைத் தானே திருப்பி வைத்தார். மேலிருந்து பார்த்து ஓட்டுநருக்கு வழி சொல்லும் ஸ்பாட்டர் “உள்ளே ஒருவன், இன்னும் உள்ளே, தாண்டிவிட்டாய்” என்று மூச்சு விடாமல் சொல்வது கேட்டது. வளைவுப்பிரியன் இந்தப் பெரியவரையும் கேன் வீசுகிறவர் கணக்கில்தான் சேர்ப்பாரா?

வளைவுப்பிரியன்:
ஒரு பெரியவரைக் காட்டி ஒரு கூட்டத்தையே வெள்ளையடிக்காதீர்கள். 2001 பிப்ரவரி 18, நாஸ்காரின் மிகப் பெரிய ரேஸான டேட்டோனா 500இன் கடைசிச் சுற்றில் ஏர்ன்ஹார்ட் இறந்தார். அவர் காரோடு உரசியவர் என்பதற்காக ஸ்டெர்லிங் மார்லினுக்குக் கொலை மிரட்டல் அனுப்பியது இதே கூட்டம். அப்பாவைப் பறிகொடுத்த ஜூனியரே முன்வந்து மார்லின் மீது தப்பில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. மகனுக்கு இருந்த பக்குவம் ரசிகனுக்கு இல்லை.

கறுப்பு மூன்று:
மிரட்டியவன் சில பேர். அந்த வருஷம் ரேஸுக்கு ரேஸ் மூன்றாவது சுற்றில் எழுந்து நின்று மூன்று விரலைத் தூக்கியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்? ஃபாக்ஸ் வர்ணனையாளர்கள்கூட அந்தச் சுற்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. காரின் சத்தம் மட்டும். ஒரு மைதானமே அப்படி நின்றதை உங்கள் ஃபார்முலா ஒன் மொன்சாவில் காட்டுங்கள், பேசுவோம். 1998இல் 20ஆவது முயற்சியில் அவர் டேட்டோனா 500 ஜெயித்தபோது எதிர் அணி ஆட்கள் எல்லாம் பிட் ஓரம் வரிசையாக நின்று கை கொடுத்தார்கள். அந்த மனிதரின் மகனிடமிருந்து 2004இல் பறித்தார்கள். 8 முன்னால் இருந்தது.

நான்காம் வளைவு:
மூன்று விரல் பேசுகிறவர்கள் கொடியையும் பேச வேண்டும். 2015இல், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கு மாநிலங்களின் கான்ஃபெடரேட் கொடியைக் கொண்டுவராதீர்கள் என்று நாஸ்கார் கெஞ்சியது. வேன் கூரைகளிலிருந்து ஒருவரும் இறக்கவில்லை. 2020 ஜூன் 10இல்தான் தடை வந்தது, கறுப்பின ஓட்டுநர் பப்பா வாலஸ் வெளிப்படையாகக் கேட்ட பிறகு. அதே மாதம் டாலடேகாவின் மேல் அந்தக் கொடியைக் கட்டி இழுத்துக்கொண்டு விமானம் பறந்தது. மறுநாள் மற்ற ஓட்டுநர்கள் எல்லாரும் வாலஸின் 43ஐக் கையால் தள்ளி வரிசையின் முன்னால் கொண்டு நிறுத்தினார்கள். எனக்கு அந்தத் தள்ளலைப் பார்த்துத்தான் இந்த ரேஸ் பிடித்துப்போனது. ரசிகர்களைப் பார்த்து அல்ல.

வென்டெல் ஸ்காட்டை இந்த இழையில் யாருக்காவது தெரியுமா? 1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில். கறுப்பினத்தவர் ஒருவர் ஜெயித்துவிட்டார். கொடி காட்டியதும் கோப்பை கொடுத்ததும் பக் பேக்கருக்கு. பல மணி நேரம் கழித்து, கூட்டம் கலைந்த பிறகு, கணக்குப் பிசகு என்றார்கள். அவர் குடும்பத்தின் கைக்குக் கோப்பை வந்தது 2021இல்.

கறுப்பு மூன்று:
இதைத்தானே நான் தொண்டை கிழியக் கத்துகிறேன்! நாஸ்காரின் கணக்கு தப்பாகும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். 1963இல் தப்பானது 2004இல் தப்பாகாதா?

நான்காம் வளைவு:
ஸ்காட்டின் கதையை உங்கள் 8க்கு முட்டுக் கொடுக்காதீர்கள். அவருக்கு நடந்தது நிறத்துக்காக நடந்தது. ஜூனியருக்கு நடந்தது ஒரு மூக்கு அளவு விவகாரம். 2003 முதல் 2017 வரை தொடர்ந்து 15 வருஷம் அவர்தான் மிகப் பிரபலமான ஓட்டுநர். அவருக்காக அழ ஆள் பஞ்சமில்லை.

கோவை பிட்லேன்:
பிரபலம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2010இல் நம்ம நரேன் கார்த்திகேயன் நாஸ்காரின் டிரக் தொடரில் 9 ரேஸ் ஓட்டி, அந்தத் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதை ரசிகர் ஓட்டில் வாங்கினார். அலபாமாக்காரனுக்கு மட்டும்தான் ரசிகன் என்ற பட்டமா? நானும் ஓட்டுப் போட்டேன், பெருமையாகச் சொல்வேன்.

கறுப்பு மூன்று:
ரேஸ் பார்க்காமல் இணையத்தில் ஓட்டுக் குத்தியதற்குப் பெயர் ரசனையா? அந்த வருஷ சாம்பியன் டாட் போடைன். அவர் என்ன பாவம் செய்தார்?

கோவை பிட்லேன்:
பார்க்கவில்லை என்று யார் சொன்னது? மார்ட்டின்ஸ்வில்லில் முதல் ரேஸிலேயே 13ஆவதாக வந்தார். அரை மைல் தடத்தில், ஓவல் பழக்கமே இல்லாமல். ராத்திரி கண் விழித்து அந்த வருஷம் பின்தொடர்ந்தவர்கள் நாங்கள். விருதை அறிவித்தது நாஸ்கார். கேன் வீசியா வாங்கினோம்?

பிட்சுவர்:
கோவை சொல்வது நியாயம். ரசிகர் ஓட்டு என்றால் ரசிகர் ஓட்டுதான். கப் தொடரில் பில் எலியட் 16 தடவை வாங்கியதும் ஓட்டால்தான், 2018இலிருந்து மகன் சேஸ் எலியட் வாங்கியதும் ஓட்டால்தான்.

கறுப்பு மூன்று:
பிட்சுவர், உங்களுக்கு என்னை எதிர்க்கிறவன் எல்லாம் நியாயஸ்தன். விளக்கு எரிந்த கணத்தின் படத்தைக் கொண்டுவந்து காட்டுங்கள், 24இன் மூக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அதுவரை 8.

அட்லாண்டா அக்கா:
படம் காட்டினால் கேமரா கோணம் சரியில்லை என்பீர்கள் தம்பி. சரி, வேறு ஒன்று கேட்கிறேன். 2014இல் ஏர்ன்ஹார்ட்டின் அணி உரிமையாளர் ரிச்சர்ட் சில்ட்ரஸ் தன் பேரன் ஆஸ்டின் டில்லனுக்கு அந்த 3ஐக் கொடுத்தாரே, அது சரியா?

கறுப்பு மூன்று:
சரியில்லை. 13 வருஷம் கப் தொடரில் யாரும் தொடாத எண். அதை அப்படியே விட்டிருக்க வேண்டும்.

பிட்சுவர்:
சில்ட்ரஸே ஓட்டுநராக இருந்த காலத்தில் 3இல் ஓட்டியவர். குடும்பத்து எண். 1998 வெற்றி மேடையில் ஏர்ன்ஹார்ட்டோடு நின்ற சின்னப் பையன்தான் 2018இல் அதே 3இல் டேட்டோனா 500 ஜெயித்தான்.

கறுப்பு மூன்று:
கடைசிச் சுற்றில் அல்மிரோலாவைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டு ஜெயித்தான். அதைச் சேர்த்து எழுதுங்கள்.

அட்லாண்டா அக்கா:
பின்னாலிருந்து தள்ளுவதை அந்த 3இல் முதலில் யார் செய்தார் தம்பி? 1999 பிரிஸ்டல், கடைசிச் சுற்று, டெரி லபான்ட்டி. அதற்கு மட்டும் கைதட்டினீர்களா?

கறுப்பு மூன்று:
பிரிஸ்டல் வேறு, டேட்டோனா வேறு. அரை மைல் தடத்தில் உரசாமல் எப்படி முந்துவது? வேலை முடிந்து வந்து விளக்கமாக எழுதுகிறேன், இழையைப் பூட்டிவிடாதீர்கள்.